எஃப் விசை செத்த வாரம்

ஏப்ரல் 2

லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில் எஃப் விசை போய்விட்டது. தட்டினாலும் குத்தினாலும் அசைவில்லை. நான் தட்டச்சு செய்வது தமிழ்99 விசை அமைப்பில், அதில் எஃப் இருக்கும் இடத்தில்தான் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் தமிழ்99 தானாகவே புள்ளி வைத்துவிடும் என்பதால் ‘அம்மா’ தப்பித்தாள், ஆனால் ‘கல்வி’ என்று அடித்தால் ‘கலவி’ வந்து நிற்கிறது. இதை வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகித்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 3

கேப்ஸ்லாக்கைப் பலி கொடுப்பது என்று முடிவு. அதை யார் உருப்படியாகப் பயன்படுத்துகிறார்கள்? அழுத்தும் விசையின் எண்ணைக் காட்டும் எக்ஸ்இவி நிரலில் அழுத்திப் பார்த்தால் விசை எண் 66. விசைகளை மாற்றியமைக்கும் எக்ஸ்மோட்மேப் நிரலில் 66-ஐ எஃப் ஆக்கினேன். எஃப் வந்தது, கூடவே அடுத்து அடித்ததெல்லாம் பெரிய எழுத்தாகவும் வந்தது! விசையின் பெயர்தான் மாறியிருக்கிறது, ‘லாக்’ என்ற வேலை அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் லாக்கை நீக்கிவிட்டு, அப்புறம் மாற்ற வேண்டும். சரி, வேலை செய்கிறது.

ஏப்ரல் 4

வேலை செய்யவில்லை. தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸ்ஸில் தமிழுக்கு மாறியதும் அது விசை அமைப்பைப் புதிதாக ஏற்றி என் மாற்றத்தைத் துடைத்துவிடுகிறது, அதாவது எனக்குப் புள்ளி தேவைப்படும் அந்த நேரத்தில் சரியாக. போதாததற்கு என் கடவுச்சொல்லில் ஒரு எஃப் இருக்கிறது, எக்ஸ்மோட்மேப்போ உள்ளே நுழைந்த பிறகுதான் ஓடும். நுழைய முடிந்தால்தானே.

ஏப்ரல் 6

இயங்குதளத்தில் இன்னும் கீழே இறங்க வேண்டியிருந்தது. கீடி என்ற நிரல் கூட இதைச் செய்யும், ஆனால் ஒரு விசைக்காகப் பின்னணியில் ஒரு சேவை ஓட வேண்டுமா என்று யோசித்து, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யுடெவ்வின் எச்டபிள்யூடிபி என்ற தரவுத்தளத்திலேயே எழுதினேன். எக்ஸ்இவி போலவே விசை எண்ணைக் காட்டும் ஈவிடெஸ்ட் அதே கேப்ஸ்லாக்கை 58 என்கிறது. குழப்பம் ஒன்றுமில்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னல் தரும் எண்ணோடு, திரையையும் சாளரங்களையும் கவனிக்கும் எக்ஸ் 8 கூட்டிக்கொள்ளும். இங்கே தேவைப்படுவது இரண்டுமே இல்லை, விசைப்பலகையே அனுப்பும் ஸ்கேன் குறியீடு: பதினாறடிமானத்தில் 3ஏ. கோப்பில் இரண்டே வரி. இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும், அதை விட்டதால் ஒரு மணி நேரம் போச்சு. அப்புறம் தரவுத்தளத்தைப் புதுப்பித்து, யுடெவ்வைத் தட்டி எழுப்பினால் முடிந்தது. நுழைவுத் திரை, எழுத்து மட்டும் வரும் வெறும் கன்சோல், ஐபஸ், எல்லா இடத்திலும் கேப்ஸ்லாக் இப்போது எஃப்.

ஏப்ரல் 9

கணினி மாறிவிட்டது, விரல் மாறவில்லை. வேகம் பிடித்தால் ஆள்காட்டி விரல் பழைய இடத்துக்கே போய் செத்த விசையைக் குத்துகிறது. இன்று ஒரு பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்பப் போகும்போதுதான் தலைப்பைப் பார்த்தேன்: ‘கலவிக் கட்டணம் குறித்து’.