ஆப்பிள் செய்த வேலை

கீரையின் ஓரமெல்லாம் மஞ்சள். காம்பைத் தொட்டால் வழுக்குகிறது. நேற்று வரை பச்சைப்பசேலென்றுதான் இருந்தது.

பக்கத்தில், ஒன்றும் அறியாததுபோல் பளபளவென்று நான்கு ஆப்பிள்கள்.

குற்றவாளி அவைதான். ஆப்பிள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அது அருகிலுள்ள இலைகளையும் வேகமாக முதிரவைத்துவிடும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்தால் போதும். காசு செலவில்லாத வைத்தியம். கீரையை ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும்.

2022-இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து. ஓட்டல்களைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்க வழியில்லை.

குப்பையைக் குறைக்கவென்றே விலை உயர்ந்த கண்ணாடிப் புட்டிகளை வாங்கச் சொல்கிறார்கள். (வீட்டிலிருக்கும் பழைய டப்பாக்கள் என்ன பாவம் செய்தன?)

கடைக்குக் கிளம்புமுன் ஃபிரிட்ஜை ஒரு முறை திறந்து பார்ப்பதில் மிச்சமாகும் பணம், எனக்கு வேறெதிலும் மிச்சமானதில்லை.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகையைக் கண்டால் மட்டும் கை இன்னும் பரபரக்கத்தான் செய்கிறது.