பக்கவாதமும் மூளையின் கடைமடையும்

பக்கவாதம் வந்தால் மதுரைப் பக்கம் "கை கால் விழுந்துருச்சு" என்பார்கள், "ஒரு பக்கம் இழுத்துருச்சு" என்பார்கள். இரண்டு பேச்சிலும் கையும் காலும்தான் குற்றவாளி. வைத்தியமும் அங்கேயே போகிறது: எண்ணெய் தேய்ப்பார்கள், சில ஊர்களில் புறா ரத்தம் பூசுவார்கள். அந்தக் கையின் தசையிலோ, தண்டுவடத்திலிருந்து அதற்கு வரும் நரம்பிலோ அன்றைக்கு ஒரு கோளாறும் கிடையாது. மேலே, மூளையில், ரத்தக்குழாய் அடைத்தோ கசிந்தோ, "மடக்கு", "நீட்டு" என்று சொல்லவேண்டிய செல்கள் வாயடைத்துப் போயிருக்கின்றன. அவற்றில் செத்துப்போனவை உண்டு, பட்டினியில் அடங்கியவை உண்டு, சேதி அனுப்ப ஆளில்லாமல் சும்மா கிடப்பவையும் உண்டு. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

ஒரு நரம்புச் செல் அடுத்ததோடு பேசும் விதம் இது: மின்துடிப்பு நாரின் முனைக்கு ஓடி வரும், கால்சியம் உள்ளே நுழையும், நுண்பைகளில் இருக்கும் குளூட்டமேட் என்ற ரசாயனம் வெளியே கொட்டும், 20 நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி எதிர்ச் செல்லைத் தட்டும். பேசி முடித்ததும் பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் மிச்சத்தை உறிஞ்சி இடத்தைத் துடைத்துவிடும். அடுத்த துடிப்புக்குத் தயாராக, உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளவேண்டும். ஒரு தடவைக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. அதற்கு ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு ஒன்று செலவு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தின்பது பெரும்பாலும் இந்த இறைப்பு வேலையால்தான். சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ரத்தம் அடியோடு நின்றால் சில நொடிகளில் துடிப்பு அடங்கும், சில நிமிடங்களில் இறைப்பு நின்றுவிடும்.

அதற்குப் பின் நடப்பதுதான் கொடுமை. இறைப்பு நின்ற செல்லுக்குள் சோடியம் ஏறி, அது கையிருப்பிலுள்ள குளூட்டமேட்டையெல்லாம் கொட்டிவிடுகிறது. துடைக்கவேண்டிய ஆஸ்ட்ரோசைட்டுக்கும் சக்தி இல்லை. அதன் உறிஞ்சுகுழாய் தலைகீழாக ஓடி, தன் பங்குக்கும் வெளியே தள்ளுகிறது. பக்கத்துச் செல்கள் ஓயாமல் தட்டப்பட்டு, கால்சியம் வெள்ளமாக உள்ளே புகுந்து, அவற்றின் புரதங்களையே அறுக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பேச்சுக்குப் பயன்பட்ட பொருளே அளவு மீறி நஞ்சாகிறது. இந்தக் குளூட்டமேட்டை மட்டும் தடுத்தால் போதும் என்று பல மருந்துகள் வந்தன. எலிகளில் வேலை செய்தன, மனிதர்களில் ஒன்றும் நிற்கவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் ரத்தம் அடியோடு நிற்பதில்லை. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் என்பது வழக்கமான அளவு. ஏறக்குறைய 20-க்குக் கீழே போனால் செல் பேச்சை நிறுத்தும், 10-க்குக் கீழே போனால் சாகும். இடைப்பட்ட பகுதிக்குப் பெயர் பெனம்பிரா. பெரியாறு பாசனத்தின் கடைமடையில், மேலூர்ப் பக்கம் தண்ணீர் வராத வயலைப் பார்த்தவருக்கு இது உடனே பிடிபடும். பயிர் துவண்டு கிடக்கும், சருகாகியிருக்காது. மடை திறந்தால் நிமிரும், தாமதித்தால் சருகுதான். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் ஒரு நிமிடத்தில் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்களும் அவை பேசிக்கொள்ளும் இணைப்புகளான 1400 கோடி சினாப்ஸ்களும் போகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். ஒரு செல் செத்தால் அதோடு ஏழாயிரத்துச் சொச்சம் பேச்சுத் தொடர்புகள் அறுகின்றன.

வாய் கோணினாலோ, ஒரு கை தழைந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைத்து "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக 4½ மணி நேரம்தான் வாய்ப்பு. அந்த நேரம் நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்துக் கை வரவில்லை என்றால், முந்தின இரவு படுத்த நேரத்தைச் சொல்லவேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் அந்த நேரத்தையும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்பதையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். வழியில் வீணாகும் நேரத்தைவிட, திண்ணையில் உட்கார்ந்து "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்பதில் வீணாவதே அதிகம். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கவே வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரினும் கொடுக்கக்கூடாது.

நல்லெண்ணத்தில் செய்யும் இரண்டு தப்புகள் கடைமடையை நேராகத் தாக்குகின்றன. பிரஷர் ஏறியிருக்கிறதென்று நாக்கடியில் மாத்திரை வைப்பது ஒன்று. அடைப்பைச் சுற்றிக்கொண்டு சின்னக் கிளைக்குழாய்கள் வழியாக வரும் சொட்டு ரத்தம், அந்த அழுத்தத்தை நம்பித்தான் வருகிறது. சட்டென்று இறக்கினால் அதுவும் நிற்கும். இன்னொன்று, சர்க்கரை அளவைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது. ஆக்சிஜன் இல்லாத செல்லில் சர்க்கரை அமிலமாகிறது, மூளை வீக்கமும் கூடும். சர்க்கரை குறைந்ததாலேயே பக்கவாதம் போலத் தெரிவதும் உண்டு என்பதால், விரல் நுனி சோதனை முதலில். விழுங்கும் திறனைப் பார்க்கும்வரை காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம். நுரையீரலுக்குப் போய்விடும்.

முதல் சில நாட்களுக்குப் பிறகு வேறொரு மௌனம் பிடிபடும். ஸ்கேனில் சேதம் சின்னதாக இருக்கும், ஆள் அதைவிட மோசமாக இருப்பார். மதுரைச் சீமைக் கண்மாய்களுக்கு ஒரு வரிசை உண்டு. மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மேலே உடைப்பெடுத்தால், கரை நன்றாக இருந்தும் கீழே வறண்டு கிடக்கும். மூளையிலும் சேதமான இடத்திலிருந்து சேதி வாங்கிப் பழகிய தூரத்துப் பகுதிகள், தமக்கு ஒரு காயமும் இல்லாமலே அடங்கிவிடுகின்றன. பெருமூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் சிறுமூளையின் எதிர்ப்பக்கம் சோர்ந்துபோவது இதில் நன்கு தெரிந்த வகை. வான் மோனகோவ் என்ற நரம்பியல் மருத்துவர் 1914-ல் இதற்கு டையாஸ்கிஸிஸ் என்று பெயர் வைத்தார். காயத்தின் ஓரத்தில் உள்ள செல்கள்மீது காபா என்ற அடக்கும் ரசாயனத்தின் பிடி இறுகுவதும் உண்டு. முதல் நாட்களில் அது குளூட்டமேட் வெள்ளத்துக்கு அணை. வாரக்கணக்கில் தளராமல் இருந்தால் அதுவே முட்டுக்கட்டை. இதை எலிகளில் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்.

செத்த செல் திரும்பாது. அடங்கியவை திரும்பும், ஓரத்துச் செல்கள் புதுக் கிளை விட்டுப் புதுத் தொடர்பும் போடும். முதல் 3 மாதத்தில் இது மும்முரமாக நடக்கும், பிறகு மெல்ல நடக்கும். எந்தத் தொடர்பு நிலைக்கும் என்பதைப் பயன்பாடுதான் தீர்மானிக்கிறது. 1996-ல், பக்கவாதம் வரவழைத்த குரங்குகளில் காட்டினார்கள்: கைக்குப் பயிற்சி கொடுத்தவற்றில் மூளையில் கைக்கான இடம் நிலைத்தது, பயிற்சி இல்லாமல் விட்டவற்றில் மேலும் சுருங்கியது. இதற்கு மருந்துக்கடையில் குறுக்குவழி இல்லை. பக்கவாதத்துக்குத் தரப்படும் சிட்டிகோலின் மருந்தை 2298 பேரிடம் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள், பலன் தெரியவில்லை. அந்தக் காசு பிசியோதெரபிக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

பயிற்சியில் எண்ணிக்கைதான் பஞ்சம். ஒரு பயிற்சி நேரத்தில் கை செய்யும் வேலை சராசரியாக 32 தடவைதான் என்று 2009-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. விலங்குகளில் மாற்றம் வந்தது நூற்றுக்கணக்கில் செய்த பிறகு. பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். குழிக்கு 5 புளியங்கொட்டை வீதம் 14 குழி, 70 முறை விரல் திறந்து மூடும். நிரப்பி, திரும்ப எடுத்து, காலையும் மாலையும் செய்தால் 280. விரல் இன்னும் திறக்கவில்லையென்றால், மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளுவதில் தொடங்கலாம். பந்து பிசையச் சொல்வதை மட்டும் விடுங்கள். இறுகி மடங்கும் கைக்கு மடக்கத் தெரியும், திறக்கத்தான் தெரியாது. எழுப்பும்போது பாதித்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும், பிறகு வலியால் பயிற்சியே நின்றுவிடும்.

பேச்சு போனவர் வீட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் "என்ன வேணும், தண்ணியா, படுக்கணுமா" என்று கேட்பார்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒருவர், ஒரே கேள்வி, ஆமா அல்லது இல்லை என்று தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி. கேட்டுவிட்டுப் பத்து நொடியாவது காத்திருங்கள். பதில் சுற்றுவழியாக வந்துகொண்டிருக்கும்.