பசித்த பெண் கட்டிய முக்தி

புனேயிலிருந்து தவுண்ட் போகிற ரயில் பாதையில் கேட்காவ் என்றொரு ஸ்டேஷன். ஆதரவற்ற பெண்களுக்காகப் பண்டித ரமாபாய் அம்மையார் தொடங்கிய முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது. அவர் சாட்சியைப் படித்ததிலிருந்தே அந்த மண்ணை மிதிக்க வேண்டும் என்று வாஞ்சை. கர்த்தர் வழி திறந்தார்.

அம்மையாரின் கல்லறையருகே ஜெபிக்க நின்றேன். நினைவெல்லாம் திருப்பதிக்குப் போனது. பெண்பிள்ளை என்று பாராமல் அவருக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த பெற்றோர், புராணம் வாசித்தபடி தலம் தலமாக நடந்தவர்கள். நம் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது இருந்ததையெல்லாம் விற்றுத் தின்று தீர்ந்து, திருப்பதிக் காட்டில் தண்ணீரும் இலையுமாகப் பதினொரு நாள் கிடந்தது அந்தக் குடும்பம். அப்பா போனார். பின்னாலேயே அம்மா. அம்மாவின் பிரேதத்தைத் தூக்க ஆளில்லை. அண்ணனோடு, மனமிரங்கி வந்த இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். நான்காவது ஆள் ரமாபாய்தான். உயரம் போதவில்லை, பாடையைத் தலையில் தாங்கிக்கொண்டு சுடுகாடுவரை நடந்தார். பதினாறு வயது! இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அண்ணனும் போய், 1882-இல் கணவரையும் காலரா கொண்டுபோனது. கைக்குழந்தை மனோரமாவோடு நின்றவர், அதே ஆண்டு ஆங்கிலேய அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வாதாடினார். மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார்; காது மந்தமானதால் அந்தக் கதவு அடைபட்டது. அங்கே 1883-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் பம்பாயில், இளம் விதவைகளுக்காக சாரதா சதன் பள்ளி.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான். 1896-இல் மத்திய இந்தியாவில் பஞ்சம் என்று கேட்டதும் கிளம்பிப் போய், அநாதையாகத் திரிந்த பெண்பிள்ளைகளை அழைத்துவந்து கேட்காவில் சேர்த்தார். பசி என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. சோறு போட்டதோடு விடவில்லை. படிப்பு, நெசவு, எண்ணெய் ஆட்டுவது, அச்சு வேலை என்று ஆளுக்கொரு பிழைப்பைக் கையில் கொடுத்தார். பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தில் படித்தார்கள். தேவன் அவரைக் காட்டில் காப்பாற்றி வைத்தது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

கடைசி வருஷங்களில் எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் வைத்துக்கொண்டு, படிப்பறிவு குறைந்த பெண்களுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1921-இல் மனோரமாவும் கண்மூடினார். அம்மையார் வேலையை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான், 1922 ஏப்ரல் 5 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த வேதாகமத்துக்கு அச்சுக் கோர்த்தவர்கள் முக்தியின் பெண்கள்.