அம்மாவின் நம்பரை போர்ட் செய்த கதை

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்கள் வீடு. 2018-ல் ஏர்செல் மூடியபோது வேறு கம்பெனிக்கு மாறிய நம்பர் அம்மாவுடையது, அன்றிலிருந்து ரீசார்ஜ் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் போன மழைக்காலத்திலிருந்து வீட்டுக்குள் ஒரே ஒரு கோடுதான் சிக்னல், பேச வேண்டுமென்றால் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடிக்குப் போக வேண்டும். புகார் கொடுத்தால் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் டாண் என்று வந்துவிடும்.

சரி, நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மட்டும் மாற்றும் போர்ட் வழியில் மாறிவிடலாம் என்று, வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனின் போனை வாங்கிக்கொண்டு அடுப்படி, திண்ணை, கொட்டகை எல்லாம் சுற்றிப் பார்த்தேன். மலையில் இதைச் செய்யாமல் மாறவே கூடாது, ஏரிப் பக்கம் முழுசாகக் காட்டும் கம்பெனி ஒரு வளைவு தாண்டினால் காணாமல் போய்விடும், கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தம்பி அடித்துச் சொல்வதெல்லாம் இங்கே செல்லாது.

அப்புறம் அம்மா போனிலிருந்தே ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு நம்பரையும் போட்டு 1900-க்கு அனுப்பினேன். எழுத்தும் எண்ணுமாக எட்டு இடம் கொண்ட போர்ட் கோட் வந்தது, அது 4 நாள்தான் செல்லும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியவர்களுக்கு 7 நாள் கழித்துத்தான் இந்த கோட் கிடைக்கும், 2024 ஜூலையிலிருந்து அப்படி விதி.

கோட் வந்த கொஞ்ச நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து போன். அதே ரீசார்ஜுக்குக் கூடுதல் டேட்டா தருகிறோம், போகாதீர்கள் என்று அந்தப் பெண் குழைந்தார். "இத்தனை வருஷமா இந்த ஆஃபர் எங்க இருந்துச்சு?" என்றேன். "இப்பதான் சார் சிஸ்டத்துல காட்டுது." கிளம்புகிறவனுக்குத்தான் விருந்து, கூடவே இருப்பவனுக்கு விலையேற்றம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டவர் எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை.

ஏற்காடு கடையில் அம்மாவின் ஆதார், கைரேகை, கண் சிமிட்டச் சொல்லி ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (எங்களுக்குத் தமிழ்நாடு) 3 வேலை நாளில் மாற்றிக் கொடுக்க வேண்டும், அதன்படியே நடந்தது. மாறும் ராத்திரி சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும், ஓடிபி வராது என்பதால் கேஸ் புக்கிங்கை முன்னாலேயே முடித்துவிட்டேன். பழைய ரீசார்ஜில் மிச்சமிருந்த நாட்கள் போனது போனதுதான், வேலிடிட்டி முடிகிற நேரம் பார்த்துச் செய்வது நல்லது.

இப்போது அடுப்படியில் நன்றாகக் கேட்கிறது, கொட்டகையில் இன்னும் விட்டு விட்டுத்தான். திரும்ப மாற 90 நாள் ஆக வேண்டும், அதற்குள் ஒரு மழையைப் பார்த்துவிடலாம்.