டீம் பக்வீட் பூத்திருக்கு

மே 30, 2025, வெள்ளி
லாஸ் வேகாஸ்ல இருந்து மூணரை மணி நேரம் ஓட்டி அதே நெவாடா மாநிலத்துல இருக்குற டோனோபா ஊருக்கு வந்தாச்சு. டீம் பக்வீட்ங்கிற அபூர்வமான காட்டுச்செடி பூத்திருக்குறதைப் பாக்க, நாளைக்கு விடிய முன்னாடி சில்வர் பீக் மலைக்கு கிளம்பணும். தூக்கம் வர்ற மாதிரி தெரியல.

மே 31, சனி
பாத்துட்டேன்!! வழியில கிளேட்டன் பள்ளத்தாக்குல லித்தியம் எடுக்குற உப்புத்தண்ணி பாத்தி எல்லாம் நீலமும் பச்சையுமா கெடக்கு, அதைத் தாண்டி மண் ரோட்டுல ஏறி ரயோலைட் ரிட்ஜ் பக்கம் போனா 1,800 மீட்டர் உயரத்துல வெள்ளையா, பொருபொருன்னு ஒரு களிமண் சரிவு, வேற ஒண்ணும் பெருசா மொளைக்காத மண்ணு, அதுல சாம்பல் நீலத்துல சின்னச் சின்ன மெத்தை மாதிரி இலை, மேல இலையே இல்லாத காம்பு, நுனியில வெளிர் மஞ்சள்ல உருண்டை உருண்டையா பூ. கிட்ட போகல. மிதிச்சிடுவோம்னு பயம், தடத்துலயே நின்னு பைனாகுலர்லயும் ஜூம் லென்ஸ்லயும் தான் பாத்தேன்.

1983ல ஜெர்ரி டீம்ங்கிற தாவரவியலாளர் இதைக் கண்டுபிடிச்சாரு, 1985ல அவர் பேரையே செடிக்கு வச்சாங்க. உலகத்துலயே இந்த ஒரு எடம் தான், எட்டு திட்டு, எல்லாம் சேத்தா வெறும் 10 ஏக்கர். ஒரு சம்சாரி வீட்டு நெலம் அவ்ளோதான்.

ஜூன் 1, ஞாயிறு
திரும்பி வர்றப்போ பூரா அந்த மண்ணு நெனப்பு தான். லித்தியமும் போரானும் நெறஞ்ச மண்ணு, அதுல வாழப் பழகுன செடி இது, இப்போ அதே லித்தியத்துக்காக பக்கத்துலயே சுரங்கம் தோண்டப் போறாங்க. 2022 டிசம்பர்ல அமெரிக்க அரசு இதை அழியுற நிலையில இருக்குற இனம்னு அறிவிச்சு 910 ஏக்கரை அதோட வாழிடமா குறிச்சாங்க, ஆனா 2024 அக்டோபர்ல சுரங்கத்துக்கும் அனுமதி குடுத்துட்டாங்க, அதை எதிர்த்து வழக்கும் போட்டிருக்காங்க. பேட்டரிக்கு லித்தியம் வேணும்தான், எனக்கும் புரியுது. இருந்தாலும் இந்த 10 ஏக்கர் போச்சுன்னா போய்த் தேட வேற மலையே இல்லையே, அதை என்னால ஏத்துக்கவே முடியல.

ஜூன் 3, செவ்வாய்
2020 சங்கதி எழுத மறந்துட்டேன். அந்த வருஷம் ஆயிரக்கணக்கான செடி வேரோட தோண்டிக் கெடந்துச்சு. மனுஷங்க வேலைன்னு தான் மொதல்ல பலரும் சந்தேகப்பட்டாங்க, அப்புறம் டிஎன்ஏ பரிசோதனையில தரை அணில்னு தெரிஞ்சுது. கடும் வறட்சி, வேர்ல இருக்குற ஈரத்துக்காக தோண்டியிருக்கும்ங்கிறாங்க. அணில் மேல கோவம் வரல. இவ்ளோ சின்ன எடத்துல இருக்குறதுக்கு ஒரு கோடையே போதும்னு அப்போ தான் ஒறைச்சுது.

இன்னிக்கு போட்டோவ பெருசு பண்ணி ஒரே செடியில 23 பூ உருண்டை எண்ணினேன். ஒண்ணு மேல குட்டியா ஒரு வண்டு உக்காந்திருக்கு, அங்க நிக்கிறப்போ அதை நான் பாக்கவே இல்ல.