மேலே போட்ட ஃபிளாக்

நவம்பர் 11, லாஸ்பேட்டை

விடாத மழை. கடலூர் பஸ் தவளக்குப்பம் தாண்டவே நேரமாகிவிட்டது. ஆபீஸுக்குள் நுழைந்ததும் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, ரெண்டு ஸ்டேஷனுக்கு மழைச் சராசரி நேன்-னு வருது" என்றான். மழைமானியிலிருந்து அளவு வராத நேரத்துக்கு நேன், அதாவது 'எண் அல்ல' என்ற குறி, போட்டு வைப்பதும், கூட்டும்போது அதைத் தள்ளிவிடுவதும் வழக்கம்தான். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் சரியாகத் தள்ளுகிறது, வேகமாக்கி வெளியிடும் ரிலீஸ் பில்டில் தள்ளவில்லை.

நவம்பர் 12

பிடிபட்டது. ரேடார் படத்தை மென்மையாக்கும் பகுதி வேகமாக ஓட வேண்டும் என்று போன மாதம் கணக்கை வேகமாக்கும் ஃபாஸ்ட்-மேத் ஃபிளாக்கை, பில்டை நடத்தும் சீமேக்கில், ரிலீஸ் பில்டின் எல்லா சி++ ஃபைலுக்கும் போகும் பொது சிஎக்ஸ்எக்ஸ் ஃபிளாக்ஸில் சேர்த்தது நான்தான். அதற்குள்ளேயே ஃபைனைட்-மேத்-ஒன்லியும் இருக்கிறது. நேனும் முடிவிலியும் வரவே வராது என்று கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. எங்கள் கம்பைலரான ஜிசிசி அதை அப்படியே நம்புகிறது. சராசரி ஃபைலைக் கம்பைல் செய்து வந்த ஆப்ஜெக்டை, இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பிரித்துப் பார்த்தேன்: இது நேனா என்று கேட்கும் இஸ்நேன் சோதனை இருக்க வேண்டிய இடத்தில் ஒப்பீடும் இல்லை, தாவலும் இல்லை, நேராகக் கூட்டல். ரேடாருக்காகக் கொடுத்த வாக்கு மழைமானியையும் கட்டிப்போட்டிருக்கிறது. மனசு கேட்கவில்லை. அந்தச் சராசரியைப் பார்த்து வெள்ள எச்சரிக்கை முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

நவம்பர் 13

"நோ-ஃபைனைட்-மேத்-ஒன்லியை அதுக்குப் பின்னாடியே போட்டா போதாதா அண்ணா?" என்றான் தம்பி. பின்னால் வருவதுதான் செல்லும், நேன் சோதனை திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் ஃபாஸ்ட்-மேத் கொடுக்கும் இன்னொரு உரிமை, கூட்டலின் வரிசையை மாற்றுவது, கம்பைலரிடமே இருக்கும். பல வருட மழைக்கணக்கை எழுதிய வரிசையிலேயே கூட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். அதனால் மேலிருந்து ஃபிளாக்கை எடுத்துவிட்டு, ரேடார் லைப்ரரிக்கு மட்டும், ஒரு பகுதிக்கென்று தனியாக ஃபிளாக் கொடுக்கும் டார்கெட் கம்பைல் ஆப்ஷன்ஸில், பிரைவேட் என்று போட்டேன். பப்ளிக் என்றால் அதை லிங்க் செய்யும் எல்லாவற்றுக்கும் போய்விடும்.

இன்னொன்றும் தீர்ந்தது. பொது ஃபிளாக்ஸ், ஆப்ஜெக்டுகளை ஒரே புரோகிராமாகச் சேர்க்கும் லிங்க் வரிக்கும் போகும். அங்கே ஃபாஸ்ட்-மேத் இருந்தால், எக்ஸ்86 வகை (இன்டெல், ஏஎம்டி) சிப்பில் மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும், தொடக்கத்திலேயே ஓடும் நிரல் துண்டை ஜிசிசி சேர்த்து, புரோகிராம் முழுவதையும் பாதிக்கும்.

நவம்பர் 14

ஒவ்வொரு ஃபைலும் எந்தக் கட்டளையில் கம்பைல் ஆகிறது என்று பட்டியலிடும் கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசனில் தேடினேன். ரேடாரின் மூன்று ஃபைல்களில் மட்டும் ஃபிளாக். வேகம் குறையவில்லை. அப்புறம், நடுவில் ஒரு நேன் வைத்து தம்பி டெஸ்ட் எழுதியிருந்தான். டீபக்கில் மட்டும் ஓடியது. ரிலீஸ் பில்டிலும் சேர்க்கச் சொன்னேன். சாயங்காலம் இரண்டிலும் பாஸ்.