ஐம்பது தோட்டா, ஐம்பத்து மூன்று பதிவு

துப்பாக்கி சுடும் தளத்தில் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடித்து, குண்டின் வேகத்தை அளக்கும் ரேடார் குரோனோகிராப்பின் திரையைப் பார்த்தபோது, அது 53 என்று காட்டியது. பெட்டியில் இருந்தவை 50. தரையில் சிதறிக் கிடந்த வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கி, தோட்டாக்கள் இருந்த பிளாஸ்டிக் தட்டிலேயே ஒவ்வொன்றாகச் செருகினேன். ஐம்பது குழிகளும் நிறைந்தன, மிச்சம் ஒன்றும் இல்லை. பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்தவரின் குண்டுகளில் மூன்றையும் என் கருவி தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அவரும் என்னைப் போலவே பாயிண்ட் 22 ரகத் தோட்டாவைத்தான் பயன்படுத்தினார். ஆகவே வினாடிக்கு 322 மீட்டரிலிருந்து 333 மீட்டர் வரை பரவியிருந்த அந்த எண்களில் எந்த மூன்று அவருடையவை என்பதை வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை.

முன்பு என்னிடம் இருந்தது ஒளியுணரி வகைக் குரோனோகிராப். இரண்டு உணரிகளுக்கு மேலே குண்டு கடக்கும்போது விழும் நிழலைக் கொண்டு நேரத்தை அளக்கும் அந்தக் கருவிக்கு, மேகம் வந்தாலும் கோபம், உள்ளரங்கில் விளக்கு மினுங்கினாலும் கோபம். குண்டு செல்லும் பாதையிலேயே அதை நிறுத்த வேண்டியிருந்ததால், ஒரு முறை நானே அதைச் சுட்டுவிட்டேன். ரேடாரில் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்துவிட்டால், அது அனுப்பும் நுண்ணலை விலகிச் செல்லும் குண்டின் மீது பட்டுத் திரும்புகிறது. திரும்பும் அலையின் அதிர்வெண் குண்டின் வேகத்துக்கு ஏற்பக் குறைந்திருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் கருவிக்கு, வினாடிக்கு 327 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஏறத்தாழ 52 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டைத் தருகிறது. கருவி அளப்பது அதைத்தான். பக்கவாட்டில் இருந்து பார்ப்பதால் தொடக்கத்தில் கோணப் பிழை சிறிது இருக்கும். குண்டு ஐந்து மீட்டர் தாண்டுவதற்குள் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். குண்டைச் சிறிது தூரம் தொடர்ந்து அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே குழல்வாய் வேகத்தை, அதாவது குழலைவிட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருந்த வேகத்தை, கருவி சொல்கிறது.

இந்தத் தொடர்ச்சியான அளவீடுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. என் கருவி ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தனிக் கோப்பை மெமரி கார்டில் எழுதிவைக்கிறது. அதில் நேரம், தூரம், அந்தத் தூரத்தில் வேகம், திரும்பிய அலையின் வலிமை ஆகியவை வரிவரியாக இருக்கும். நான் சுமார் நாற்பது வினாடிக்கு ஒரு முறை சுடுபவன். மூன்று இடங்களில் மட்டும் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே ஐந்து வினாடிகூட இல்லை. அந்த மூன்று இணைகளிலும் ஒரு குண்டு குழல்வாய்க்கு அருகிலிருந்தே தெளிவாகப் பிடிபட்டிருந்தது. மற்றொன்று வெகுதூரம் சென்ற பிறகே, அதுவும் இரைச்சலுக்கு நடுவே, மங்கலாகத் தென்பட்டிருந்தது. மங்கலானவை பக்கத்து வரிசையிலிருந்து வந்தவை. கருவியின் திரையிலேயே சராசரியைப் பார்த்துவிட்டு அன்றைய பதிவுத் தொடரை அழித்திருந்தால், இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஆனாலும் அந்த மூன்று பதிவுகளையும் நான் அழிக்கவில்லை. மூலக் கோப்பில் எதையும் தொடுவதில்லை என்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதன் நகலில் 'குறிப்பு' என்றொரு பத்தியை (நெடுவரிசையை) சேர்த்து, கணக்கில் கொள்ளாத சூடு எது, ஏன் என்பதை அங்கே எழுதுகிறேன். அழிக்கும் பழக்கம் வந்துவிட்டால், பிடிக்காத எண்களையும் கை தானாகவே அழிக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த குழலின் முதல் சூடு மெதுவாக வந்தால், அது பிழையன்று. அந்தத் துப்பாக்கியின் இயல்பு.

மெமரி கார்டு தானாக எழுதிவைக்காத செய்திகளே உண்மையில் அதிகம். எந்தத் துப்பாக்கி, தோட்டாவின் லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றைக் குறிக்கும் எண்) என்ன, அன்றைய வெப்பநிலை எவ்வளவு, தோட்டாப் பெட்டி வெயிலில் கிடந்ததா நிழலில் இருந்ததா, குழலைத் துடைத்து எத்தனை சூடு ஆயிற்று என்பவை கருவிக்குத் தெரியாது. எண்களைவிட இவற்றை எழுதுவதில்தான் எனக்குச் சோம்பல் வரும் என்பதால், பெட்டி மூடியின் லாட் எண்ணைச் சுடுவதற்கு முன்பே கைபேசியில் படம் பிடித்து, தொடரின் பெயரோடு சேர்த்து வைத்துவிடுகிறேன். தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன்; ஏனென்றால், சி.எஸ்.வி. கோப்பை விரிதாளில் திறந்தபோது நாளும் மாதமும் இடம் மாறி, ஒரு பருவத்தின் பதிவுகள் முழுவதும் கலைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு. அலகும் அப்படித்தான். மீட்டரும் அடியும் ஒரே பத்தியில் கலந்தால் கண்டுபிடிப்பது எளிது; தோட்டா மாறியும் பதிவில் குண்டின் எடை (கிரெய்ன் அலகில்) பழையதாகவே இருந்தால், ஆற்றல் கணக்கு யாருக்கும் தெரியாமல் தவறாகிவிடும்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். வினாடிக்கு 327 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டோடு ஒப்பிட்டால், பத்து மீட்டர் வேகம் குறைந்த குண்டு அந்தத் தூரத்தில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். அதாவது தோட்டாவின் சீரின்மை மட்டுமே ஒரு புள்ளியைப் பறித்துவிடக்கூடும்.

ஆனால் அந்தச் சீரின்மையை ஐந்து சூட்டில் அளந்துவிட்டதாக நம்புவது வீண். வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் ஐந்து சூட்டில் வினாடிக்கு 2 மீட்டர் என்று கிடைத்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான மதிப்பு 1.2-க்கும் 5.7-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. ஐம்பது சூடு சுட்டால் அந்த இடைவெளி 1.7-க்கும் 2.5-க்கும் இடையே ஒடுங்குகிறது. வீச்சின், அதாவது மிக அதிக வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டின், கதை இன்னும் மோசம். அதே தோட்டா, அதே துப்பாக்கி என்றாலும் ஐந்து சூட்டில் திட்ட விலக்கத்தின் 2.3 மடங்காக இருக்கும் வீச்சு, ஐம்பது சூட்டில் சராசரியாக 4.5 மடங்காகிவிடும். 'என் தோட்டாவின் வீச்சு வெறும் நான்கு மீட்டர்' என்று யாராவது பெருமைப்பட்டால், எத்தனை சூடு என்று நான் கேட்பது அதனால்தான். ஒரே லாட்டைப் பல நாட்களில் சுட்டுச் சேர்த்த பதிவுகளே எனக்குப் பெரிதும் பயன்படுகின்றன.

அந்த மூன்று அயல் பதிவுகளின் வேகங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அடுத்த வாரம் பக்கத்து வரிசைக்காரரிடம் கொடுத்தேன். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். குறிப்புப் பத்தியை நிறைவு செய்யலாமே என்று அவருடைய தோட்டாவின் லாட் எண்ணைக் கேட்டேன். பெட்டியை அன்றே குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.